பின்னணிக்கு ஏதாவது அரூபமாக

ஒன்றரை ஆண்டுகளுக்கு முன்பு, ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கைக்கு அட்டை வடிவமைத்துக்கொண்டிருந்தபோது வாடிக்கையாளரிடமிருந்து ஒரு வரி வந்தது: "பின்னணிக்கு ஏதாவது அரூபமாகப் போட்டுவிடுங்கள்." பதினேழு ஆண்டுகளாக வரைகலை வடிவமைப்பைத் தொழிலாகச் செய்துவரும் எனக்கு இது பழகிப்போன கோரிக்கை. நீலத்திலிருந்து ஊதாவுக்கு மெல்ல நகரும் ஒரு வண்ணப் பரப்பு, அதன்மேல் ஒளி ஊடுருவும் நான்கைந்து வளைவுகள், வலது ஓரத்தில் சற்று மங்கல், எழுத்து நிற்க வேண்டிய இடது பக்கத்தில் மட்டும் அமைதி. நாற்பது நிமிடங்களில் முடித்து அனுப்பினேன். மறுநாளே ஒப்புதல் வந்தது. ஒரு திருத்தம்கூட இல்லை.

கோப்பை மூடுவதற்கு முன்பு அதை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். யாருடைய கண்ணையும் பிடித்து நிறுத்திவிடக் கூடாது என்பதற்காகவே வரையப்பட்ட வடிவங்கள் அவை. அந்த ஒரு வரிக் கோரிக்கையில் அரூபம் என்ற சொல், கவனிக்கத் தேவையில்லாதது என்ற பொருளில்தான் வந்திருந்தது. நானும் அதே பொருளில் எடுத்துக்கொண்டு வேலையை முடித்திருந்தேன். கலைக் கல்லூரியின் கடைசி இரண்டு ஆண்டுகளில் நான் அரூப ஓவியங்களை மட்டுமே தீட்டிக்கொண்டிருந்தேன். மரம், முகம், வீடு என்று அடையாளம் கண்டு நகர்ந்துவிட எதுவும் இல்லாததால் பார்ப்பவரின் முழுக் கவனத்தையும் கேட்கிற ஓவியம் என்பதுதான் அன்று அந்தச் சொல்லுக்கு நான் வைத்திருந்த பொருள். வாடிக்கையாளர்மீது எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அவருக்கு வேண்டியது அவருக்குக் கிடைத்தது. அதை அவ்வளவு எளிதாக என் கை செய்துவிட்டதே என்பதுதான் என்னை உறுத்தியது.

இரண்டு வாரங்கள் கழித்துக் கித்தானும் வண்ணங்களும் வாங்கினேன்.

இடையில் ஏன் நிறுத்தினேன் என்பதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கல்லூரி முடிந்ததும் வடிவமைப்பு வேலை கிடைத்தது. அந்த வேலை எனக்கு உண்மையாகவே பிடித்திருந்தது, இன்றும் பிடித்திருக்கிறது. ஓவியத்தை யாரும் என்னிடமிருந்து பறிக்கவில்லை, நானும் ஒருநாள் உட்கார்ந்து முடிவெடுத்து அதைக் கைவிடவில்லை. வண்ணக் குழாய்கள் ஒவ்வொன்றாக இறுகிப்போயின, அவற்றுக்குப் பதிலாகப் புதியவற்றை நான் வாங்கவில்லை.

திரும்பத் தொடங்கிய முதல் மாலையில் நான் செய்ய நினைத்தது மிகச் சிறிய காரியம்: ஒரு சாம்பல் நிறத்தைக் கலப்பது. மழைக்கு முந்தைய வானத்தில் இருக்குமே, உள்ளுக்குள் நீலத்தை வைத்துக்கொண்டிருக்கும் சாம்பல், அது எனக்கு வேண்டியிருந்தது. அல்ட்ராமரின் நீலத்தையும் பர்ன்ட் சியன்னா என்னும் செம்பழுப்பையும் கலந்தால் அவை ஒன்றையொன்று மட்டுப்படுத்தி ஏறக்குறையக் கறுப்பாகிவிடும் என்பது கல்லூரிப் பாடம். அந்தக் கலவையில் டைட்டானியம் வெள்ளையைச் சேர்த்தால் சாம்பல் பிறக்கும். நீலத்தைக் கூட்டினால் குளிரும், பழுப்பைக் கூட்டினால் சூடேறும். பேலட் கத்தியால் அரை மணி நேரம் குழைத்துக் குழைத்து, வேண்டிய சாம்பல் வந்துவிட்டது என்று கண் ஒப்புக்கொண்ட பிறகு, கித்தானில் ஒரு சாண் அகலத்துக்குப் பூசிவிட்டுப் படுக்கப் போனேன். காலையில் வந்து பார்த்தபோது அங்கே வேறொரு சாம்பல் இருந்தது. இரவில் நான் விட்டுச் சென்றதைவிட ஒரு படி இருண்டிருந்தது. நீலம் முன்னால் வந்திருந்தது.

காரணம் எளியது, ஒருகாலத்தில் எனக்குத் தெரிந்திருந்ததும்கூட. அக்ரிலிக் வண்ணத்தில் நிறமித் துகள்களைப் பிணைத்து வைத்திருப்பது நீரில் கலந்த பாலிமர். ஈரமாக இருக்கும்போது அது பால்போல வெளுத்திருக்கும். நீர் ஆவியானதும் கண்ணாடிபோலத் தெளிந்துவிடும். அந்த வெண்மை விலகியதும் நிறம் தன் உண்மையான ஆழத்துக்கு இறங்கிவிடுகிறது. ஆகவே அக்ரிலிக்கில் வேலை செய்பவர் கண்முன் இருக்கும் நிறத்தை நம்பாமல், அது நாளை என்னவாக இருக்கும் என்பதை மனத்தில் வைத்துக் கலக்க வேண்டியிருக்கிறது. தாளின் ஓரங்களில் சிறுசிறு பட்டைகளாகப் பூசி, காயவிட்டு, ஈரமாக இருந்தபோது எப்படி இருந்தது என்பதை நினைவிலிருந்து ஒப்பிட்டுப் பார்ப்பதிலேயே முதல் மாதம் போயிற்று. அந்த மாதம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது.

இது எனக்கு ஏன் அவ்வளவு பெரிய மாற்றமாக இருந்தது என்பதை வடிவமைப்பாளர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். திரையில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண் உண்டு. சிவப்பு, பச்சை, நீலம் ஆகிய மூன்றுக்கும் தலா 256 படிகள். மூன்றையும் பெருக்கினால் 1,67,77,216 நிறங்கள். அவற்றுள் எதை நேற்றுப் பயன்படுத்தியிருந்தாலும் இன்று அதே எண்ணைத் தட்டினால் அதே நிறம் வந்து நிற்கும். அச்சுக்குப் போகும்போது நிறம் மாறும் என்பது தெரியும். அதைச் சமாளிக்க வண்ண மாதிரி அட்டைகளும் சான்றுப் படிகளும் இருக்கின்றன. எங்கள் தொழிலின் பாதித் திறமை, நிறம் எங்கும் எப்போதும் ஒன்றாகவே இருக்கும்படி பார்த்துக்கொள்வதில் செலவாகிறது. கித்தானிலோ ஒரே நிறம் காலை வெளிச்சத்தில் ஒன்றாகவும் விளக்கடியில் வேறொன்றாகவும் நிற்கிறது. தடித்துப் பூசிய இடத்தில் மூடிக்கொள்கிறது, மெலிந்த இடத்தில் அடியிலிருப்பதைக் காட்டிக்கொடுக்கிறது.

தாலோ நீலம் என்ற வண்ணக் குழாயின் பின்புறத்தை ஒருநாள் படித்துக்கொண்டிருந்தபோது, நிறமியின் குறியீடாக பி.பி. 15:3 என்று அச்சிட்டிருந்ததைக் கண்டேன். நால்வண்ண அச்சில் சயான் என்னும் பச்சை சாய்ந்த நீல மைக்கு அடிப்படையாக இருப்பதும் இதே நிறமிதான். 1930-களில் சந்தைக்கு வந்த இந்த நீலம், பதினேழு ஆண்டுகளாக நான் அச்சுக்கு அனுப்பிய ஆயிரக்கணக்கான பக்கங்களில், நுண்ணிய புள்ளிகளாக எங்கும் இருந்திருக்கிறது. சயான் 100, சயான் 60, சயான் 15 என்று விழுக்காடாக மட்டுமே அதை அறிந்திருந்தேன். ஒருமுறையும் விரலால் தொட்டதில்லை. அன்று தொட்டேன். கடுகளவு நீலம் ஒரு கரண்டி வெள்ளையை முழுவதும் நீலமாக்கிவிட்டது. அவ்வளவு வீரியம் அதற்கு. என் கட்டைவிரல் நகத்தின் ஓரத்தில் அது மூன்று நாட்கள் இருந்தது, அந்த மூன்று நாட்களும் அலுவலகத்தில் சுட்டியைப் பிடித்திருந்த கையை அவ்வப்போது திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

நிறத்தைவிட என்னை அதிகம் தடுமாற வைத்தது அளவு. ஒரு நிறுவனத்துக்குச் சின்னம் வரையும்போது, அது இணைய உலாவியின் 16 பிக்சல் சதுரத்துக்குள்ளும் அடையாளம் தெரிய வேண்டும், கட்டடத்தின் உச்சியில் வைக்கும் பலகையிலும் கம்பீரமாக நிற்க வேண்டும். அதனால்தான் அவற்றைப் புள்ளிகளாக இல்லாமல் வெக்டராக, கணக்கிடப்பட்ட வளைகோடுகளாக வரைகிறோம். எவ்வளவு பெரிதாக்கினாலும் விளிம்பு உடையாது. இப்படியே ஆண்டுக்கணக்கில் வேலை செய்யும் ஒருவருக்கு, அளவு என்பது வடிவத்தோடு பிறந்த பண்பாகத் தெரிவதில்லை. எல்லாம் முடிந்த பிறகு பெட்டியில் தட்டிக்கொடுக்கும் எண்ணாகத்தான் தெரியும். திரையிலும் எப்போதும் உருப்பெருக்கியபடியோ சுருக்கியபடியோதான் இருக்கிறோம். நான் வரைந்துகொண்டிருக்கும் பொருள் உண்மையில் எவ்வளவு பெரியது என்ற உணர்வே பல நாட்கள் எனக்கு இருந்ததில்லை.

முதலில் நான் வாங்கியவை 12 அங்குலச் சதுரக் கித்தான்கள். அவற்றை மேசைமேல் வைத்து, உட்கார்ந்தபடியே வரைந்தேன். ஐந்தாறு முடிந்த பிறகு சுவரில் சாய்த்து வைத்துப் பார்த்தால், எல்லாக் கோடுகளும் ஒரே மாதிரி இருந்தன: சிறியவை, திருத்தமானவை, லேசாக வலப்புறம் வளைந்தவை. அந்த வளைவை எங்கோ பார்த்திருக்கிறேன் என்று யோசித்து, கடைசியில் வெறும் கையை மேசையில் வைத்து அசைத்துப் பார்த்தேன். சுட்டியைப் பிடித்துப் பழகிய என் மணிக்கட்டு, முழங்கையை ஊன்றிக்கொண்டு எவ்வளவு தூரம் போகுமோ அவ்வளவு நீளம்தான் ஒவ்வொரு கோடும் இருந்தது. அடுத்து 36 அங்குலச் சதுரத்துக்கு மாறினேன். அதை மேசையில் வைக்க முடியாது. சுவரில் நிறுத்தி, நின்றுகொண்டுதான் தீட்ட வேண்டும். கோடு தோளிலிருந்து வந்தது. ஒரு நீண்ட இழுப்பை முடிக்க ஓர் அடி நகர வேண்டியிருந்தது, மூச்சை எங்கே விடுவது என்பதும் கோட்டில் தெரிந்தது. இந்த ஓவியத்தைச் சுருக்கி ஒரு படமாக எவருக்கும் அனுப்பலாம்தான். ஆனால் நான்கு சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பட்டை, அதற்கு ஓர் அடி தூரத்தில் நிற்கும் மனிதருக்கு நான்கு சென்டிமீட்டராக மட்டுமே இருக்க முடியும் என்பதை என் உடம்பு அப்போதுதான் மறுபடியும் கற்றுக்கொண்டது.

அமெரிக்க அரூப ஓவியர் ஆக்னஸ் மார்ட்டினின் ஓவியங்களை இந்த நாட்களில்தான் முன்னைக் காட்டிலும் நிதானமாகப் பார்க்கத் தொடங்கினேன். ஆறடிச் சதுரக் கித்தானில் பென்சிலாலும் அளவுகோலாலும் அவர் இழுத்த கட்டங்களை மாணவப் பருவத்தில் அச்சுப் படங்களில் பார்த்து, வெறும் கட்டம்தானே என்று கடந்து போயிருக்கிறேன். கட்டம் என்பது இப்போது என் அன்றாட வேலை. பக்கத்தைப் பத்திகளாகவும் வரிசைகளாகவும் பிரித்து எழுத்தையும் படத்தையும் நிறுத்தாமல் எந்த இதழையும் வடிவமைக்க முடியாது. எங்கள் கட்டம் கண்ணுக்குத் தெரியாத கோடுகளால் ஆனது, வேலை முடிந்ததும் மறைந்துவிடும். மார்ட்டினின் பென்சிலோ நெய்த துணியின் மேடு பள்ளங்களில் ஏறி இறங்கிப் போகிறது. அளவுகோலை வைத்தே இழுத்தாலும் கோடு ஒவ்வோர் இழையிலும் மெல்ல நடுங்குகிறது. இன்னொரு செய்தியும் என்னை அவரிடம் இழுத்தது. 1967-இல் அவர் நியூயார்க்கை விட்டுச் சென்று, ஓவியம் தீட்டுவதையே நிறுத்திவிட்டார்; மறுபடி தீட்டத் தொடங்கியது 1974-இல். திரும்பி வந்தவர் பழைய கட்டங்களை அப்படியே தொடரவில்லை, வெளிறிய இளஞ்சிவப்பும் நீலமுமாக அகன்ற பட்டைகளைத் தீட்டினார். நின்ற இடத்திலிருந்தே தொடர வேண்டும் என்று நான் என்னையறியாமல் எனக்கு விதித்திருந்த கட்டளை அதைப் படித்த பிறகுதான் தளர்ந்தது. அதுவரை கல்லூரியில் தீட்டிய கடைசி ஓவியத்தின் புகைப்படத்தைச் சுவரில் ஒட்டி வைத்திருந்தேன். அன்று எடுத்துவிட்டேன்.

ஆறு மாதங்கள் கழிந்த பிறகு, கல்லூரியில் எனக்கு மூன்று ஆண்டுகள் மூத்தவரும் அன்று முதல் இன்றுவரை இடைவிடாமல் தீட்டிவருபவருமான ஓர் ஓவியரை என் அறைக்கு அழைத்தேன். அவரை அக்கா என்றுதான் அழைப்பேன். அப்போது முடித்திருந்த மூன்று பெரிய ஓவியங்களையும் அவர் ஒவ்வொன்றாக, பேசாமல், அருகில் போயும் தள்ளி வந்தும் பார்த்தார். பிறகு நடுவிலிருந்ததைக் காட்டி, "இதை யாருக்கு அனுப்பப் போறே?" என்று கேட்டார். யாருக்கும் இல்லை, எனக்காகத்தான் தீட்டினேன் என்றேன். "இல்ல, அனுப்புறதுக்குத் தயாரா இருக்கு. அதான் கேட்டேன்" என்றார்.

அவர் குறை சொல்லும் குரலில் அதைச் சொல்லவில்லை, பார்த்ததைச் சொன்னார். அன்றிரவு நான் அந்த ஓவியத்தை ஒரு வடிவமைப்பாளராகப் படித்துப் பார்த்தேன், எல்லாம் விளங்கிவிட்டது. கண் முதலில் மேல் இடது மூலையிலிருக்கும் மஞ்சளில் நுழைகிறது. அங்கிருந்து ஒரு சாய்கோடு அதை நடுவுக்குக் கொண்டு வருகிறது. நடுவின் கனத்தை வலது கீழே இருக்கும் இருண்ட கட்டம் ஈடுகட்டுகிறது. சுற்றிலும் போதிய வெற்றிடம். எங்கும் சிக்கல் இல்லை. இரண்டு மணி நேரத்தில் அதைத் தீட்டி முடித்திருந்தேன். எங்கே ஒரு பக்கம் கனத்துச் சாய்ந்ததோ அங்கே மறுபக்கம் ஒன்றை வைத்து உடனுக்குடன் சரி செய்திருந்தேன். பதினேழு ஆண்டுகளாக எனக்குச் சம்பளம் வாங்கித் தருவதே அந்தச் சரிசெய்யும் கண்தான். ஒரு பக்கத்தில் தலைப்பு தூக்கலாக இருக்கிறது, படம் மூச்சு முட்டுகிறது, அடிக்குறிப்பு விழப்போகிறது என்பதையெல்லாம் அது நொடியில் கண்டுபிடிக்கும், அடுத்த நொடியில் தீர்த்தும் வைக்கும். செய்தி வாசகரைச் சேர வேண்டும் என்ற இலக்கு இருக்கும்போது அந்தத் திறமைக்கு ஈடில்லை. ஆனால் இங்கே சேர வேண்டிய செய்தி எதுவும் இல்லை. சிக்கல் தோன்றிய கணத்திலேயே அதைத் தீர்த்துவிட்டால் ஓவியத்தில் பார்ப்பதற்கு என்னதான் மிஞ்சும்?

சித்திரமும் கைப்பழக்கம் என்று சிறுவயது முதல் கேட்டு வளர்ந்திருக்கிறோம். நானும் அதை முழுமையாக நம்புகிறேன். ஆனால் கை எதைப் பழகியிருக்கிறதோ அதைத்தான் அது தானாகச் செய்யும். என் கை பழகியிருந்தது ஒழுங்குபடுத்துவதை. பழக்கத்தைக் கழற்றிவிட முடியாது, கழற்றவும் நான் விரும்பவில்லை. செய்யக்கூடியது ஒன்றுதான் என்று தோன்றியது: கண் "இங்கே ஒன்று வேண்டும்" என்று கேட்கும்போது, அதை உடனே கொடுக்காமல் ஒருநாளாவது காத்திருப்பது.

அடுத்துத் தொடங்கிய ஓவியத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அதில்தான் நான் உண்மையிலேயே திரும்பி வந்தேன் என்று நினைக்கிறேன். 36 அங்குலச் சதுரம். முதல் மாலையில் கலந்தேனே, அந்த மழைக்கால சாம்பலை, இப்போது காய்ந்த பின் எப்படி இருக்கும் என்று தெரிந்தே, நான்கு மெல்லிய பூச்சுகளாக முழுவதும் பூசினேன். கீழ் இடது மூலைக்குச் சற்று மேலே, விளிம்பை ஒட்டி, நான்கு சென்டிமீட்டர் அகலமும் ஒரு முழ நீளமும் உள்ள பட்டையைக் காட்மியம் ஆரஞ்சில் இழுத்தேன். ஒரே இழுப்பு, தூரிகை பாதி வழியிலேயே வறண்டு, கடைசி நான்கு விரற்கடை மட்டும் பிசிறு பிசிறாக நின்றது. சாம்பலுக்கு நடுவே அந்த ஆரஞ்சு தணல்போல இருந்தது. உடனே என் கண் மேல் வலது பக்கத்தில் இன்னொரு ஆரஞ்சைக் கேட்டது. சிறியதாக இருந்தாலும் போதும், ஒரு புள்ளி போதும் என்றது.

வைக்கவில்லை. மூன்று வாரங்கள் அந்தக் கித்தான் ஒரு பக்கம் சாய்ந்த தராசுபோல அறையில் நின்றது. காலையில் வேலைக்குக் கிளம்பும் முன்பும் இரவில் வந்த பிறகும் பார்ப்பேன். ஒவ்வொரு முறையும் வயிற்றில் ஏதோ இழுக்கும். நான்காவது வாரத்தில், ஆரஞ்சுக்கு ஈடு தேடுவதை விட்டுவிட்டு, ஆரஞ்சையே தொடலாம் என்று தோன்றியது. சாம்பலை நிறமற்ற அக்ரிலிக் மீடியத்தில் நன்றாகக் கரைத்து, கண்ணாடித் தாள்போன்ற ஒரு மெல்லிய பூச்சாகப் பட்டையின் மேல் இழுத்தேன். தணல் சாம்பல் பூத்துப்போயிற்று. அதிகமாக அடங்கிவிட்டது. திரையாக இருந்தால் இரண்டு விசைகளை அழுத்தியதும் பழைய ஆரஞ்சு வந்து நின்றிருக்கும், அப்படியொரு பூச்சை நான் பூசியதற்கே தடயம் இருந்திருக்காது. இங்கே என்ன செய்தாலும் அதற்கு மேல்தான் செய்ய முடியும். அக்ரிலிக் ஒருமுறை காய்ந்துவிட்டால் நீரில் மறுபடி கரையாது.

அரூப ஓவியத்தின் முன்னோடிகளுள் ஒருவரான மாலெவிச்சின் கறுப்புச் சதுரம் எனக்கு நினைவுக்கு வந்தது. வடிவமைப்புப் பாடங்களில் அதை நாங்கள் வெள்ளைப் பக்கத்தில் வைத்த ஒரு தட்டையான கறுப்புக் கட்டமாகத்தான் பார்த்திருக்கிறோம். விரிவுரைப் படத்துக்கு நானே அதை ஒரு நிமிடத்தில் வரைந்து வைத்ததுண்டு. 1915-இல் தீட்டப்பட்ட அந்த ஓவியத்தின் கறுப்பு இன்று முழுவதும் விரிசல் கண்டிருக்கிறது, விரிசல்களின் வழியே அடியிலிருக்கும் வேறு நிறங்கள் எட்டிப் பார்க்கின்றன. 2015-இல் மாஸ்கோவின் திரெத்யாகோவ் அருங்காட்சியகம், கதிர்ப்படங்கள் எடுத்து ஆராய்ந்து, அந்தக் கறுப்புக்கு அடியில் முன்பு தீட்டிய இரண்டு ஓவியங்கள் இருப்பதாக அறிவித்தது. ஒரு நிமிடத்தில் நான் வரைந்த கட்டத்துக்கு அடியில் எதுவும் இல்லை.

என் ஓவியத்துக்கு வருகிறேன். பக்கவாட்டு விளிம்புகளுக்குச் சாம்பல் பூசுவதற்காக அதைத் தலைகீழாகத் திருப்பி நிறுத்தியிருந்தேன். வேறு வேலையாக வெளியே போய்விட்டு, இருட்டத் தொடங்கும் நேரத்தில் அறைக்குள் வந்து, விளக்கைப் போடும் முன்பு அதைப் பார்த்தேன். இன்னொரு முன்னோடியான கந்தின்ஸ்கிக்கு நேர்ந்த ஒன்றை ஓவியம் படித்த எல்லோரும் அறிவார்கள்: அந்தி வேளையில் தம் அறைக்குள் நுழைந்தவர், என்னவென்றே அடையாளம் தெரியாத, உள்ளிருந்து ஒளிர்வதுபோன்ற ஓர் ஓவியத்தைக் கண்டு திகைத்து நின்று, பிறகுதான் அது பக்கவாட்டில் சாய்த்து வைக்கப்பட்ட தம் ஓவியமே என்று உணர்ந்ததாக 1913-இல் வெளிவந்த தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். உருவம் தேவையில்லை என்பதை அவர் கண்டுகொண்ட தருணமாக அதைச் சொல்வது வழக்கம். எனக்கு அந்த நிகழ்வில் முக்கியமாகத் தெரிவது வெளிச்சக் குறைவும் தவறான திசையும்: தன் கைவேலையைத் தன் பழகிய கண்ணால் பார்க்க முடியாமல் போன அந்தச் சில நொடிகள்.

தலைகீழாக நின்றபோது பட்டை மேல் வலது மூலைக்குப் போயிருந்தது. கீழே இருந்தபோது அது தரையில் கிடந்த பொருள். இப்போது மேலிருந்து தொங்கிக்கொண்டிருந்தது, பிசிறிய முனை கீழ்நோக்கி. அதன்கீழே இருந்த அத்தனை சாம்பலும் காலியிடமாக இல்லாமல், விழப்போகும் ஒன்றுக்காகக் காத்திருக்கும் வெளியாக மாறியிருந்தது. சாய்வு அப்படியேதான் இருந்தது, ஆனால் அதைச் சரி செய்ய வேண்டும் என்று கண் கேட்கவில்லை. மறுநாள் காலை, நுண்மணல் தாளை விரல் நுனியில் சுற்றிக்கொண்டு, பட்டையின் இடது ஓரத்தை மட்டும் மெதுவாகத் தேய்த்தேன். மேலிருந்த சாம்பல் பூச்சு கழன்று, இரண்டு மில்லிமீட்டருக்கும் குறைவான அகலத்தில், பழைய ஆரஞ்சு ஒரு கோடாக வெளியே வந்தது. துணியின் இழை மேடான இடங்களில் மட்டும் வந்தது. பள்ளங்களில் சாம்பலே இருந்தது. ஒரு முழ நீளத்துக்கு, விட்டுவிட்டு எரியும் ஒரு கோடு. அங்கே நிறுத்திக்கொண்டேன்.

எப்போது நிறுத்துவது என்பதைப் பற்றி ஒரு பேச்சு. வடிவமைப்பில் வேலை முடிவது ஒப்புதலால், அல்லது கெடுவால். இரண்டும் வெளியிலிருந்து வருகின்றன. அரூப ஓவியத்தில் வெளியிலிருந்து எதுவும் வராது, பாதி முடிந்த முகம் என்பதுபோல ஒரு குறையும் காட்டிக்கொடுக்காது. அந்த ஓவியத்தில் நான் நிறுத்தியதற்கு நான் சொல்லக்கூடிய காரணம், அடுத்து எதைச் செய்தாலும் அது எனக்கு முன்பே தெரிந்த ஒன்றாகிவிடும் என்று பட்டதுதான்.

இரண்டு தொழிலும் ஒரே ஆளுக்குள் எப்படி இருக்க முடியும் என்று என்னைக் கேட்கிறார்கள். இருந்திருக்கின்றன. ஓவியர் ஜோசப் ஆல்பர்ஸ், ஜெர்மனியின் புகழ்பெற்ற வடிவமைப்புப் பள்ளியான பௌஹவுஸில் கற்பித்தவர். வடிவமைப்பாளர்களுக்கு அவருடைய வண்ணப் பாடங்கள் இன்றும் அடிப்படை. ஒன்றுக்குள் ஒன்றாகச் சதுரங்களை வைத்து அவர் தீட்டிய ஓவிய வரிசையை 1950-இல், தம் 62-ஆவது வயதில் தொடங்கி, 1976-இல் மறையும் வரை தொடர்ந்தார். ஆயிரத்துக்கும் மேற்பட்டவற்றைத் தீட்டினார். குழாயிலிருந்து பிதுக்கிய வண்ணத்தை, பெரும்பாலும் கலக்காமலே, கத்தியால் பூசினார்; எந்த நிறம், யாருடைய தயாரிப்பு என்று ஒவ்வொரு பலகையின் பின்புறத்திலும் எழுதி வைத்தார். நம்மிடையே கே.எம். ஆதிமூலம் இருந்தார். இதழ்களுக்கும் நூல்களுக்கும் அவர் எழுதிய தலைப்பெழுத்துகளைப் பார்த்தவர்களுக்கு, தமிழ் எழுத்தின் சுழியும் கொம்பும் ஒரு தூரிகையின் வேகத்தில் எப்படி உயிர்பெறும் என்பது தெரியும். அதே கை பின்னாளில் உருவங்கள் கரைந்துபோன, நிறமே நிலவெளியாகிவிட்ட பெரிய எண்ணெய் வண்ண ஓவியங்களையும் தீட்டியது. 2008-இல் அவர் மறைந்தபோது நான் தொழிலுக்கு வந்து அதிக நாட்கள் ஆகியிருக்கவில்லை. அவருடைய எழுத்துகளைத்தான் அப்போது வியந்துகொண்டிருந்தேன், ஓவியங்களுக்கு இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கிறேன்.

இன்னொரு கேள்வியும் அடிக்கடி வருகிறது: ஓவியம் தீட்டினால் மன அழுத்தம் குறைகிறதா? அன்போடு கேட்கப்படும் கேள்விதான், ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை. இரண்டு மணி நேரம் நின்று தீட்டிய பிறகு நான் களைத்துப்போகிறேன்; சில இரவுகளில் அந்தச் சாய்ந்த தராசு தூக்கத்தைக் கெடுத்திருக்கிறது. இளைப்பாறுதலுக்காக என்றால் நான் திரும்பி வந்திருக்கவே மாட்டேன். அரூப ஓவியத்தை மனத்துக்கு மருந்து, அறைக்கு அழகு என்று சொல்லிச் சொல்லியே அதைப் பின்னணியாக்கிவிட்டோம் என்ற எண்ணம் எனக்கு உண்டு. அது நம்மிடம் வேலை வாங்குகிற ஒன்று, தீட்டுபவரிடமும் பார்ப்பவரிடமும்.

அலுவலக வேலை முன்போலவே நடக்கிறது. சென்ற மாதம் இன்னொரு நிறுவனத்தின் அறிக்கைக்கு மறுபடியும் அதே கோரிக்கை வந்தது, ஏறக்குறைய அதே சொற்களில். இம்முறை பின்னணியில் எதையும் வரையாமல், ஒரே ஒரு அடர்ந்த பச்சையை மட்டும் வைத்து, எழுத்தைச் சற்றுப் பெரிதாக்கி அனுப்பினேன். ஏற்றுக்கொண்டார்கள்.

சாம்பலும் ஆரஞ்சுமான அந்த ஓவியம் இப்போது அறையின் கிழக்குச் சுவரில் இருக்கிறது. ஆல்பர்ஸைப் பார்த்து நானும் கித்தானின் பின்புறத்தில் பென்சிலால் எழுதி வைக்கத் தொடங்கியிருக்கிறேன்: அல்ட்ராமரின், பர்ன்ட் சியன்னா, டைட்டானியம் வெள்ளை, நான்கு பூச்சு, காட்மியம் ஆரஞ்சு, ஒரே இழுப்பு, சாம்பல் மெல்பூச்சு, மணல் தாள், இடது ஓரம் மட்டும். அதற்குக் கீழே, எந்தப் பக்கம் மேலே வர வேண்டும் என்பதைக் காட்ட இரண்டு அம்புக்குறிகள் இருக்கின்றன, ஒன்றுக்கொன்று எதிர்த்திசையில். முதலாவதை ஒரு கோட்டால் அடித்திருக்கிறேன்; அழிக்கவில்லை.